கன்னிகா வண்டியில் மிஸ்ஸிங்

சித்தூர் பக்கம் பங்காருபாளையத்தில் கன்னிகாவின் பேச்சை எடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது அவள் வாயைப் பற்றித்தான். மாங்காய் மண்டியில் எடை போடுகிறவன்கூட அவள் எதிரில் நின்றால் தராசை இன்னொரு முறை பார்ப்பான். மாம்பழக் கூழ் கம்பெனியில் சூபர்வைசர் கத்தினால் திருப்பிக் கத்துகிற ஒரே பெண் அவள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். கோபம் தலைக்கேறினால் இரண்டையும் கலந்து கொட்டுவாள். அந்த வாயாலேயே அவளுக்கு ஒரு கேடும் வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் புருஷன் முரளிதரன் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் ஷெட் வைத்திருந்தவன். சித்தூரிலிருந்து பலமனேர் போகிற வண்டி எது நடுவழியில் நின்றாலும் "முரளி ஷெட்டுக்குத் தள்ளு" என்பார்கள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்தபோது அவனுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. ஷெட்டை மூடினார்கள். லிஃப்ட், வெல்டிங் மெஷின் எல்லாம் போனது. மகள் அக்ஷயா பள்ளியில் சேர்ந்த வருஷம் பழைய வண்டியாக வாங்கிய வெள்ளைக் கார் ஒன்றும், ஒரு டூல் பெட்டியும்தான் மிச்சம்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சித்தூரில் மெஷின் காலியில்லை, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதி வைத்த பெயர் எழுதினபடியே கிடந்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் காலை வேளையில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் ஒருமுறை போய் வந்தார்கள். திரும்பும்போது முரளிதரன் மயங்கி முன்சீட்டுக்காரர் மடியில் சரிந்தான். மறுவாரமே கன்னிகா சித்தூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். நாற்பத்து நாலு வயதில், புடவை முந்தானையை இடுப்பில் செருகி, சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்து அவள் ஓட்டிப் பழகியதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு வழிவிட்டது.

திருப்பதியிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. சொல்கிறவர்களுக்கு என்ன, வாடகையா கொடுக்கப் போகிறார்கள்? மாங்காய் சீசனில் கூழ் கம்பெனி, மற்ற மாதங்களில் தையல், இரண்டும் இந்த ஊரில்தான் அவளுக்குக் கிடைக்கும். ஆகவே விடியும் முன் கிளம்பி, அவனை மெஷினில் விட்டு, நாலு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்து, பின்சீட்டில் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு வருவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

இரண்டாவது வருஷக் கடைசியில் அவன் உடம்பு ஒவ்வொரு பக்கமாகக் கழன்றது. கையில் ஊசி போடும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. மறுகையிலும் அடைத்தது. கழுத்தில் டியூப் வைத்தார்கள், காய்ச்சல் வந்தது. இதயம் பலவீனமாகிவிட்டதால் மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"போதும் கன்னிகா. இத்தோட நிறுத்திக்கலாம்."

பயந்தால் கன்னிகாவுக்கு அழுகை வராது, கத்தல்தான் வரும்.

"நிறுத்திக்கலாமா? நீ பாட்டுக்குக் கண்ண மூடிக்குவ. உங்கண்ணன் என்னப் பத்தி இன்னா சொல்வாரு? ஊரு இன்னா சொல்லும்? பொண்டாட்டி இட்டுக்கினு போவல, சாவட்டும்னு வுட்டுட்டாள்னு சொல்லும். அந்தப் பழிய நான் தூக்கிக்கினு திரியணுமா? வாயக் கழுவிட்டு வந்து துன்னு!"

நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்றுதான் அவள் சொல்ல வந்தது. வாயில் வந்தது இது. முரளிதரன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அந்தப் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவே இல்லை. தன் மிரட்டல் வேலை செய்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உங்கண்ணன் என்று அவள் சொன்னது புருஷோத்தமனை. சித்தூரில் பஸ் டிப்போவில் வேலை. தம்பியைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஆனால் டயாலிசிஸ் நாளில் காலை எட்டு மணிக்குப் போன் மட்டும் தவறாது. "போயிட்டீங்களா? ஊசி போட்டாச்சா?" என்று மேஸ்திரி ஆள் கணக்கு எடுப்பதுபோலக் கேட்பார். அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். கன்னிகா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள், அது அச்சில் போட முடியாதது.

ஜூன் மாதம், தோத்தாபுரி மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் நாளில், ஒரு விடியலில் கார் உதறியது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பேனட் நடுங்கியது, ஸ்டியரிங் கைக்குள் துடித்தது, பின்னால் புகைக்குழாய் டப்டப்பென்று இருமியது. மெக்கானிக் பெண்டாட்டிக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று எரியவில்லை.

"மிஸ்ஸிங்" என்றான் முரளிதரன் பின்சீட்டில் படுத்தபடி. "திருப்பதி வரைக்கும் போவாது. உள்ள வுட்டுடு."

"நீ இறங்கிப் பாக்கறியா?"

"கை நடுங்குது. ஸ்பேனர் புடிக்க முடியாது."

"அப்ப சும்மா படு. மூணு எரியுதுல்ல, மூணுலயே போறேன்."

மூன்றிலேயே போனாள். மேடு வந்தால் இரண்டாவது கியர், லாரிக்காரன் ஹாரன் அடித்தால் ஜன்னலுக்கு வெளியே அவன் வம்சத்துக்கே ஒரு வார்த்தை. எரியாத பெட்ரோல் வாடை வண்டிக்குள் குமட்டியது. ஆஸ்பத்திரி சேரும்போது அவனுடைய நேரத்தில் பாதி போய்விட்டிருந்தது. "இவ்வளவு லேட்டா வந்தா எப்படிம்மா, ரெண்டு மணி நேரம்தான் ஓட்ட முடியும்" என்று நர்ஸ் தெலுங்கில் கடிந்துகொண்டே ஏற்றினாள். கன்னிகா அந்த இரண்டு மணி நேரத்தில் அதே வண்டியை ரேணிகுண்டாவுக்கு உதறலோடு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் ஜெபகுமாரின் ஷெட்.

ஜெபகுமாருக்கு அரக்கோணம் பக்கம். வாலிபத்தில் முரளிதரனும் அவரும் ரேணிகுண்டாவில் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள். வண்டி உள்ளே நுழையும்போதே அவர் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஓடுகிற என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் ஒயரைப் பிடுங்கியபோது என்ஜின் இன்னும் நொண்டியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார், என்ஜின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிடுங்கினாலும் ஒன்றுதான், மாட்டினாலும் ஒன்றுதான்.

"மூணாவதும்மா. இதுதான் செத்துக் கெடக்குது."

பிளக்கைக் கழற்றினார். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. மேலே வெள்ளைப் பீங்கான்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கரண்ட் உள்ளே போய்ப் பொறி தட்டாமல் வெளியிலேயே பீங்கான் வழியாக இரும்புக்கு ஓடிவிட்டது, பழைய பிளக்கில் அப்படி ஆகும் என்றார். நாலு பிளக்கும் புதுசு, நாலு ஒயரும் புதுசு போட்டார். வண்டி பூனை மாதிரி ஓடியது. "முரளி கையில இருந்த வண்டிக்கு நான் ஸ்பேனர் போடறேன் பாரு" என்று சிரித்தார். பழைய பிளக்கை மூலையில் இருந்த டப்பாவுக்குள் வீசினார்.

அடுத்து இரண்டு மூன்று முறை ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி உதறல். இந்த முறை ஒன்றல்ல, இரண்டு சிலிண்டர். சித்தூரைத் தாண்டி பூதலப்பட்டு மேட்டில் வண்டி மூச்சு முட்டி நின்றேவிட்டது. ஸ்டார்ட் செய்தால் ஒரு முழம் துள்ளும், அணையும்.

"திரும்பிடலாம் கன்னிகா" என்றான் முரளிதரன். "பழைய வண்டி. நாம இன்னா பண்ண முடியும்? நம்ம மேல ஒண்ணும் தப்பு இல்ல."

இரண்டு நாளில் சேர்ந்த நீரால் அவன் கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. இன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று கன்னிகாவுக்கு நன்றாகத் தெரியும். நடுரோட்டில் போய் நின்றாள். கை காட்டவில்லை, நின்றாள். திருப்பதிக்கு மாங்காய் ஏற்றிப் போன ஒரு மினி லாரி கீச்சென்று பிரேக் போட்டது. டிரைவர் தெலுங்கில் திட்ட வாயெடுத்தான், அவள் அதற்குமேல் தெலுங்கு பேசினாள். மாங்காய்ப் பெட்டிகளை ஒதுக்கி, வைக்கோல் பரப்பி, முரளிதரனைப் படுக்கவைத்துத் தானும் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவன் கண்ணை மூடியே இருந்தான். வலியால் என்று அவள் நினைத்தாள். மாங்காய்ப் பால் வாடையும் வைக்கோல் தூசியும் தாங்காமல் அவளுக்குத் தும்மலாக வந்தது.

நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் அவனை வார்டில் சேர்த்தார். ஜெபகுமார் போய்க் காரைக் கட்டி இழுத்துவந்தார். மறுநாள் மதியம் கன்னிகா ஆட்டோவில் ரேணிகுண்டா போனாள். போகிற வழியெல்லாம் அவளுக்குள் பொங்கிக்கொண்டு இருந்தது. புது பிளக் என்று போட்டது போலிச் சரக்கா, இந்த ஆளும் நம்மை ஏமாற்றுகிறாரா என்றுகூட நினைத்துவிட்டாள்.

"இன்னா ஜெபண்ணா, போட்ட சாமான் எல்லாம் பத்து நாளுக்குத்தானா? உள்ள கெடந்து செத்துருப்பாரு தெரியுமா?"

"இரும்மா, இரு. எனக்கே புரியல."

இரண்டாவதும் மூன்றாவதும் எரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டு வந்தார். பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் நன்றாக இருந்தது. புது ஒயர் நன்றாக இருந்தது. அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டி நாலு சிலிண்டரையும் பார்த்தார், வயதுக்கு மீறின பலத்தோடு இருந்தன. கடைசியில் பிளக் இரண்டையும் கழற்றி வெயிலில் பிடித்தார். இரண்டிலும் பீங்கான்மேல் அதே சாம்பல் கோடு. அவர் முகம் சுருங்கியது. புது பிளக்கில் இப்படி ஆக வருஷக்கணக்காகும். அதுவுமில்லாமல், கரண்ட் ஓடி எரிந்த கோடு என்றால் கோணல்மாணலாக, மின்னல் மாதிரி இருக்கும். இது நேராக இருந்தது.

கட்டைவிரலால் தேய்த்தார். எரிந்த கோடு தேய்த்தால் போகாது. இது போனது. விரலில் கருஞ்சாம்பல் ஒட்டியிருந்தது.

ஜெபகுமார் விரலைப் பேன்ட்டில் துடைத்தார். அடுத்த பிளக்கையும் அவசரமாகத் துடைக்கப் போனார்.

"குடுங்க இங்க" என்று கன்னிகா அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "இன்னா இது?"

"கார்பன்மா. தூசி."

"பொய் சொல்லாதீங்க. இத்தினி வருசம் மெக்கானிக் கூட குடித்தனம் பண்ணிக்கினு கீறேன். இது இன்னா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பென்சில்" என்றார். "பென்சில் கோடு. பென்சில் கரியில கரண்ட் ஓடும். பீங்கான்ல ஒரு கோடு போட்டுட்டா போதும், பொறி உள்ள போவாது. ஒயர் தொப்பி மூடிக்கும், வெளிய தெரியாது. நல்லா தெரிஞ்சவன்தான் போட முடியும்."

"எவன் போட்டான்? எவனுக்கு எங்க மேல அப்டி வயித்தெரிச்சல்?" அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஷெட்டை மூடியதும் கடன் சொல்லிப் போனவன், எதிர்வீட்டுக்காரன், கூழ் கம்பெனி சூபர்வைசர் என்று ஒவ்வொரு பெயராக இழுத்தாள். ஜெபகுமார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"நாங்க வேல பார்த்த ஷெட்டுல ஒரு வெளயாட்டு உண்டும்மா. புதுசா எவனாவது மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தா, நல்லா ஓடற வண்டியில இப்டி ஒரு கோடு போட்டு வுட்டுருவோம். அவன் காயில மாத்துவான், கார்புரேட்டர அவுப்பான், சாயங்காலம் வரைக்கும் முழிப்பான். நான் சேர்ந்த அன்னிக்கு எனக்கும் போட்டாங்க." விரலில் மிச்சமிருந்த கரியைப் பார்த்தார். "போட்டது முரளிதான்."

கன்னிகாவின் வாய் அடைத்துப் போனது. கேள்விப்பட்ட யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது. கார் பூட்டிய கேட்டுக்குள் நிற்கிறது. சாவி வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவள் கூழ் கம்பெனிக்குப் போனபின் வீட்டில் இருப்பது ஒரே ஆள். கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற ஆள். அந்த ஆள் வாசலுக்கு வந்து, படி இறங்கி, பேனட்டைத் தூக்கி நிறுத்தி, நடுங்குகிற கையால் பிளக் ஸ்பேனரைத் திருகி... நடுவில் எத்தனை இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருப்பான். முதல் முறை ஒன்றில் கோடு போட்டான், அவள் மூன்றில் ஓட்டிவிட்டாள். அதனால் அடுத்த முறை இரண்டில் போட்டிருக்கிறான். இவளை எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான் பாவி என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவங்கிட்ட ஒண்ணும் கேக்காதம்மா" என்றார் ஜெபகுமார். "நான் துடைச்சு மாட்டிடறேன்."

கேட்காமல் இருப்பதற்கு அது வேறு யாரோ கன்னிகாவாக இருந்திருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவரும்போது வண்டி ஒரு பிசிறில்லாமல் ஓடியது. சந்திரகிரிக் கோட்டை மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினாள். என்ஜினை அணைத்தாள். பின்னால் திரும்பவில்லை.

"ஜெபண்ணா வெரலால தேச்சுப் பார்த்தாரு" என்றாள்.

பின்சீட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"அவன் அப்பவே கெட்டிக்காரன்."

"சிரிப்பா இருக்குதா உனக்கு? சாவணும்னா நேரா சொல்லேன்யா!"

"சொன்னேனே. பொங்கல் முடிஞ்சு சொன்னேன். பழி உன் மேல வரும்னு நீதான சொன்ன." அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்துக்கொண்டான். "யோசிச்சுப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான். நான் வர மாட்டேன்னு படுத்துக்கினா எங்கண்ணன் உன்னத்தான் கேப்பான். அதான் பழிய காரு மேல போட்டுட்டேன். பழைய காரு, நடுவழியில நின்னுடுச்சு, அவ இன்னா பண்ணுவான்னு எல்லாரும் சொல்வாங்க. உன்ன ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

வாடிக்கையாளர் சொன்ன குறையைக் கேட்டுக்கொண்டு, அதை மட்டும் சரிசெய்கிற மெக்கானிக்காக அவன் இருந்திருக்கிறான். அவள் சொன்ன குறை அது. அவள் மனதில் இருந்த குறையை அவள் சொல்லவே இல்லையே. கன்னிகா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹாரன் அழுந்தி ஒருமுறை கத்தியது, ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

"ஊரு பேச்ச எவன் கேட்டான்?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு. "நீ போய்ட்டா நான் யாரண்ட சண்ட போடுவேன்? அத்த சொல்லத் தெரியாமத்தான்யா கத்துனேன்."

அவன் எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை. கையை மட்டும் சீட்டுக்கு நடுவே நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிக் குளிர்ந்திருந்தது.

"வலிக்குது கன்னிகா. மெஷின்ல இருக்கற நேரம் பூரா வலிக்குது. உன்ன வுட்டுட்டுப் போவணும்னு இல்ல. முடியல."

வண்டியை எடுக்கும் முன் அவள் ஒன்று சொன்னாள். இனிமேல் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அவனைக் கேட்பாள். போகலாமா வேண்டாமா என்று அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மகளிடம் சொல்ல வேண்டும். "காரு கையில சொல்லி அனுப்பாத" என்றாள்.

அவன் டாக்டரிடம் சொன்னான். அவர் நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. நிறுத்தினால் எப்படி இருக்கும், எத்தனை நாள் தாங்கும், மூச்சு முட்டாமல் இருக்க என்ன கொடுக்கலாம் என்று நிதானமாகத் தெலுங்கில் விளக்கினார். எப்போது வேண்டுமானாலும் மனசு மாறித் திரும்ப வரலாம் என்றார். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அக்ஷயா வந்து, "நைனா, நைனா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதாள். அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான் முரளிதரன். சொல்லவில்லை. புருஷோத்தமன் போன் செய்யும்போதெல்லாம் "காரு தொல்ல பண்ணுதுண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தான். கன்னிகா அதை ஒட்டுக்கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு விடியலிலும் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு அவள் கேட்பாள்.

"போலாமா, வாணாமா?"

"போலாம்" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்ஷயா பரீட்சை முடியட்டும் என்று சில முறை போலாம் என்றான். கடைசி மாம்பழம் ஒரு துண்டு சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஒருமுறை. காரணமே இல்லாமலும் சொன்னான். வழியில் கியரைச் சீக்கிரம் மாற்றுகிறாள், கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டுகிறாள் என்று குறை சொல்லிக்கொண்டு வருவான். அவளும் விடமாட்டாள். அந்தக் கொஞ்ச நாளில் அவர்கள் பேசிக்கொண்ட அளவுக்கு, கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. இரண்டு பேர் பிடித்துத்தான் அவனைக் காரில் படுக்க வைத்தார்கள். லீவுக்கு வந்திருந்த அக்ஷயா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னிகா சாவியைத் திருப்பினாள். என்ஜின் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. நாலும் ஒரே சீராக எரிந்தன. உதறல் இல்லை, இருமல் இல்லை. இப்போது மட்டும் ஒன்று எரியாமல் போகக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"போலாமா, வாணாமா?"

அவன் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா ஓடுது" என்றான். பிறகு, "வாணாம் கன்னிகா" என்றான்.

அவள் கை கியரின் மேல் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், அவன் சத்தம் போடக்கூடத் தெம்பில்லாதவன், இரண்டு மணி நேரத்தில் மெஷினில் ஏற்றிவிடலாம். கண்ணாடியில் அக்ஷயா முகம் தெரிந்தது. அவள் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். கன்னிகா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள்.

மூச்சு இரைக்கும்போது டாக்டர் கொடுத்த மருந்தைக் கொடுத்தாள். நெற்றியைத் துடைத்துவிட்டாள். தூங்குகிற நேரம் கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த வாரம் ஒரு முற்பகலில், ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் பெண்டாட்டியும் உட்கார்ந்திருக்க, முரளிதரன் போய்விட்டான்.

புருஷோத்தமன் சித்தூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னிகாவைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் தலையை வைத்து ஒப்பாரி சொல்லி அழுதார்கள். எல்லோருக்கும் கேட்கிறாற்போல் புருஷோத்தமன் கேட்டார்.

"ரெண்டு மூணு தடவையா மெஷினுக்கே போவலையாமே? இன்னாம்மா ஆச்சு? காரு மறுபடி நின்னுடுச்சா?"

"அந்த ஓட்ட வண்டிய வெச்சிக்கினு அவ இன்னா பண்ணுவா பாவம்" என்றது ஒரு குரல். "கடைசியில கார்தான் காலன் ஆயிடுச்சு" என்றது இன்னொன்று. பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. புருஷோத்தமனும் ஆட்டினார். அவளும் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டால் அத்தோடு முடிந்தது. உள்ளே மாலையோடு படுத்திருந்தவன் அந்தத் தலையாட்டலைத்தான் அவளுக்காகப் பாடுபட்டு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் கடைசியாக வாய் திறந்து சொன்ன வார்த்தையை, சொல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டு அவனை எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"காரு நல்லா ஓடுச்சு மாமா" என்றாள் கன்னிகா. "அவரு வாணாம்னாரு. நான்தான் அணைச்சேன்."

பந்தலில் ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்றன. புருஷோத்தமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். அதன் பிறகு வந்த பெண்கள் அக்ஷயாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கன்னிகா பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு இருபுறமும் பாய் காலியாகக் கிடந்தது. தோள் கொடுக்க ஒருத்தரும் வராததால் அவள் அவன் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, அந்தக் காலையே கட்டிக்கொண்டு அழுதாள்.